அராவிய ஊசி

சித்தி இறந்தபின், எனக்கென்று அவர் ஒதுக்கிவைத்திருந்த பெட்டியில் நான்கு பொருள்கள் இருந்தன. ஒரு ஜோடி தங்க வளையல். வேலூரில் நர்சிங் படிப்பு முடித்தபோது கொடுத்த சிறிய பேட்ஜ். மூடி நெளிந்த ஒரு பிரஷர் குக்கர். செருப்புப் பெட்டிக்குள், பழைய துவாலையில் சுற்றிய ஒரு கைத்துப்பாக்கி. முதல் மூன்றையும் என்ன செய்வதென்று எனக்குத் தெரிந்தது. நான்காவதைப் பழுது பார்க்கப் போனேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

சித்தி நாகர்கோவிலில் பிறந்தவர். அமெரிக்கா 1965இல் குடியேற்றச் சட்டத்தை மாற்றியபின் அங்கே வேலைக்குப் போன இந்திய நர்சுகளில் ஒருவர். 1975இல் ஓஹையோ மாநிலத்தின் டொலிடோ நகரத்துக்கு வந்தார். சித்தப்பா இரண்டு வருடம் கழித்து வந்தார். ஊரில் அவர் பள்ளி ஆசிரியர். இங்கே கிடைத்தது கிடங்கு வேலை. கேரள நர்சுகளின் குடும்பங்களைப் பற்றி ஷீபா மரியம் ஜார்ஜ் எழுதி 2005இல் வெளிவந்த நூலில் இப்படிப்பட்ட வீடுகள் வருகின்றன. மனைவி முதலில் வந்து சம்பாதிக்கிறாள். பின்னால் வரும் கணவன் ஊரில் தனக்கிருந்த மதிப்பை இழந்து நிற்கிறான். அதை வாசித்தபோது சித்தியின் வீட்டு முன்னறை என் கண்முன் வந்தது. சித்தப்பா கை நீட்டுவார் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைச் சொன்னதில்லை. அம்மா அதற்குப் பயன்படுத்திய சொல் ‘கோபக்காரர்.’ அவர் 1998இல் இறந்தார். அதன்பின் 23 வருடம் சித்தி தனியாக வாழ்ந்தார்.

துப்பாக்கியைப் பற்றி அவர் ஒரே ஒரு முறைதான் என்னிடம் பேசியிருக்கிறார். “ராத்திரி டியூட்டி முடிஞ்சு கார் நிக்கிற இடத்துக்குத் தனியா நடக்கணும் மக்ளே. அதுக்குத்தான் வாங்கினேன்.” பெட்டியில் ரசீதும் இருந்தது. 1986, நூறு டாலருக்கும் குறைவான விலை.

அது ரேவன் எம்பி-25. உள்ளங்கைக்குள் அடங்கும், அரைக் கிலோ எடைகூட இல்லை. அப்படி ஒரு பொருள் ஏன் அவ்வளவு மலிவாகக் கிடைத்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1968இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், சிறிய மலிவான கைத்துப்பாக்கிகள் வெளிநாட்டிலிருந்து வருவதைத் தடுத்தது. உள்நாட்டில் செய்வதைத் தடுக்கவில்லை. அந்த இடைவெளியில் 1970இல் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்பவர் கலிஃபோர்னியாவில் ரேவன் நிறுவனத்தைத் தொடங்கினார். எஃகைக் கடைந்து செய்வதற்குப் பதிலாக, துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் வார்த்தார்கள். லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றி இதே பாணியில் இன்னும் சில நிறுவனங்கள் முளைத்தன.

சட்டம் விட்ட இடைவெளி இன்னொன்றும் இருந்தது. முழுத் துப்பாக்கிதான் தடை, உதிரிபாகங்களுக்குத் தடையில்லை. ஜெர்மனியிலிருந்து பாகங்களை வரவழைத்து மயாமியில் பூட்டி விற்றார்கள். 1981இல் அதிபர் ரீகனைச் சுட்டது அப்படிப் பூட்டப்பட்ட ஒரு மலிவுத் துப்பாக்கிதான். அந்த வழி 1986இல்தான் அடைபட்டது.

‘மலிவு’ என்ற சொல்லோடு எனக்கு ஒரு சங்கடம் உண்டு. இல்லினாய் போன்ற சில மாநிலங்கள், 800 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் உருகிவிடும் உலோகத்தில் செய்த கைத்துப்பாக்கிகளைக் கடையில் விற்கக் கூடாது என்றன. பணக்காரரின் எஃகுத் துப்பாக்கியும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் அது ஆபத்து என்று யாரும் உருக்கிப் பார்ப்பதில்லை. இரவு வேலைக்குப் போன பெண்களில், கறுப்பினப் பெண்களில், எத்தனையோ பேருக்குக் கட்டுப்படியான விலை ரேவனின் விலைதான். அவர்களுடைய பயம் மலிவானது அல்ல.

பழையதைத் துடைத்து, எண்ணெய் போட்டு, ஓட வைப்பதுதான் இறந்தவருக்குச் செய்யும் மரியாதை என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். ஆச்சியின் தையல் மெஷினை அப்படித்தான் வைத்திருக்கிறோம். என் மனத்தில் கடனும் இருந்தது. நான் 2003இல் கொலம்பஸ் நகரத்துக்குக் குடிவந்தேன். டொலிடோவுக்குக் காரில் இரண்டரை மணி நேரம்கூட ஆகாது. நான் போனது வருடத்துக்கு இரண்டு முறை. செய்யாமல் விட்டதையெல்லாம் அந்தப் பொருளுக்குச் செய்துவிடலாம் என்று எண்ணினேன்.

அதைத் திறக்கக்கூட எனக்குத் தெரியாது. துப்பாக்கி பழுது பார்க்கும் ஒரு முதியவரிடம் போனில் கேட்டுவிட்டு, பெட்டியோடு எடுத்துப்போனேன். மேகசினில் ஆறு தோட்டாக்களும் இருந்தன. அவற்றை முதலில் வெளியே எடுத்து வைத்துவிட்டு ஒரு பட்டியல் எழுதினார். மேகசின் ஸ்பிரிங் பல வருடம் அழுந்திக் கிடந்து தளர்ந்துவிட்டது. பின்னோக்கிப் போகும் மேல்பாகத்தை முன்னுக்குத் தள்ளும் ஸ்பிரிங்கும் அப்படியே. கைப்பிடித் தகட்டில் விரிசல். ஃபயரிங் பின் தேய்ந்திருக்கிறது. ஃபயரிங் பின் என்பது தோட்டாவின் அடியில் குத்தி அதை வெடிக்க வைக்கும் சின்ன எஃகு ஊசி. அது எட்டவில்லை என்றால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

ரேவன் தொழிற்சாலை 1991இல் தீக்கிரையானது. அதனால் எனக்குக் கிடைத்தவை வேறு துப்பாக்கிகளைப் பிரித்தெடுத்த பாகங்கள். தபாலில், சாதாரண உறையில் வந்தன. யாரும் எதுவும் கேட்கவில்லை. “துப்பாக்கி வாங்கினால்தானே கேட்பார்கள்? நீங்கள் வாங்கியது ஊசியும் ஸ்பிரிங்கும்” என்றார் அவர். அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் ஒரு கைத்துப்பாக்கி என்பது அதன் ஃபிரேம் மட்டுமே. வரிசை எண் பொறித்திருக்கும் உடல்பகுதி அது. ஊசியும் ஸ்பிரிங்கும் மேகசினும் வெறும் சாமான்கள்.

தத்துவ வகுப்பில் நாங்கள் படித்த தீசியஸின் கப்பல் எனக்கு ஞாபகம் வந்தது. புளூடார்க் சொன்ன கதை. ஏதென்ஸ்காரர்கள் ஒரு கப்பலைப் பாதுகாத்து வைக்கிறார்கள். உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றுகிறார்கள். அப்படியானால் அது அதே கப்பலா? தத்துவவாதிகள் இரண்டாயிரம் வருடமாக இதைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் ஒரே வரியில் முடித்துவிட்டது. எண் எதில் இருக்கிறதோ அதுவே பொருள்.

இரண்டாம் முறை போனபோது அவர் பழைய ஊசியைக் கழற்றி, புதியதன் பக்கத்தில் வைத்து, லென்ஸை என்னிடம் நீட்டினார். “நான் முதலில் தேய்மானம் என்று நினைத்தேன். தேய்ந்தால் உருண்டையாகும். உடைந்தால் கரடுமுரடாக இருக்கும். இது தட்டையாக இருக்கிறது, கோடுகளைப் பாருங்கள். அரம் போட்டிருக்கிறார்கள்.” பிறகு ஆறு தோட்டாக்களில் ஒன்றை எடுத்துத் திருப்பிக் காட்டினார். அடியில், நடுவில், நகத்தால் தொட்டதுபோல ஒரு மங்கிய புள்ளி. யாரோ ஒருமுறை விசையை இழுத்திருக்கிறார்கள். குட்டையான ஊசி தொட்டுவிட்டு நின்றுவிட்டது.

அவர் வேறெதுவும் சொல்லவில்லை. “இப்போது மாட்டிவிடட்டுமா?” என்று மட்டும் கேட்டார். பத்து நிமிட வேலை. அடுத்த வாரம் வருகிறேன் என்றேன்.

அந்த வாரம் முழுவதும் என்னிடம் மூன்று கதைகள் இருந்தன. முதல் கதையில் அராவியவர் சித்தி. வீட்டில் துப்பாக்கி இருப்பது தனக்குக் காவல் அல்ல, அது சித்தப்பாவின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதை உணர்ந்து, ஒரு பகல் வேளையில் உட்கார்ந்து ஊசியை அராவியிருக்கிறார். அராவியபின் வேலை சரியாக நடந்திருக்கிறதா என்று ஒருமுறை இழுத்தும் பார்த்திருக்கிறார். மருந்தின் பெயரை இரண்டு தடவை வாசிக்காமல் ஊசி போடாத நர்ஸ் அவர். தோட்டாக்களை உள்ளேயே விட்டுவைத்தது, எடுத்துப் பார்ப்பவருக்குச் சந்தேகம் வராமல் இருப்பதற்காக.

இரண்டாவது கதையில் அராவியவர் சித்தப்பா. தன் மனைவி கையில் ஓர் ஆயுதம் இருப்பதைப் பொறுக்காமல், அவளுக்குத் தெரியாமல் அதைச் செத்த பொருளாக்கியிருக்கிறார். சித்தி வருடக்கணக்கில் வெறும் உலோகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார். ஒரு நாள் விசையை இழுத்தபோதுதான் அவருக்கு அது தெரிந்திருக்கும்.

மூன்றாவது கதையை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுத வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் நிகழும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். அந்த அரம் சித்தி தனக்கு எதிராகத் தானே போட்டுக்கொண்ட தாழ்ப்பாளாக இருக்கலாம்.

மூன்றில் எது நடந்தது என்று எனக்குத் தெரியப் போவதில்லை. ஆனால் மூன்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. வாங்கும்போது சொன்ன காரணம் வேறு, ஆபத்து இருந்த இடம் வேறு. 1989இல் ஒரு பெரிய துப்பாக்கி நிறுவனம் ‘லேடிஸ்மித்’ என்ற பெயரில் பெண்களுக்கென்றே ஒரு ரிவால்வரை விற்க ஆரம்பித்தது. இப்படிப்பட்ட விற்பனைப் பேச்சில் எப்போதும் இருட்டும் முகம் தெரியாத அந்நியனும்தான் வருவார்கள். 2003இல் ஜாக்குலின் கேம்ப்பெல்லும் அவருடைய குழுவும் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைச் சொன்னது. அடிக்கும் துணைவனின் கைக்குத் துப்பாக்கி எட்டுமானால், அந்தப் பெண் கொல்லப்படும் அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு கூடுகிறது. சித்தி பயந்து நடந்தது மருத்துவமனை வளாகத்தில். வீட்டுக்குள் இருந்த பயத்துக்கு எந்தக் கடையிலும் சாமான் கிடைக்கவில்லை.

இரண்டாவது கதைதான் உண்மை என்றால், புதிய ஊசியை மாட்டுவது நியாயம் என்று ஒரு நாள் தோன்றியது. அவளிடமிருந்து திருடியதைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று. ஆனால் யாருக்குத் திருப்பிக் கொடுக்கிறேன்? சித்தி இல்லை. மிச்சம் இருப்பது நான், என் கணவர், பதினேழு வயது மகள், ஓர் அலமாரி. முதல் கதையோ மூன்றாவது கதையோ உண்மை என்றால், ஒரு பெண் தன் வாழ்க்கையில் மிகவும் யோசித்துச் செய்த ஒரு காரியத்தை நான் காசு கொடுத்து அழிக்கிறேன்.

அரிஸ்டாட்டில் கோடரியை உதாரணமாகச் சொல்வார். வெட்டும் தன்மை போய்விட்டால் அது பெயருக்குத்தான் கோடரி. இந்த வாதத்தின்படி சுடாத துப்பாக்கி குறைபட்ட பொருள். பழுது பார்ப்பது அதன் இயல்பை மீட்பது. பழுது பார்க்கும் கைகள் எல்லாவற்றின் பின்னாலும் இந்த நம்பிக்கை இருக்கிறது. நல்ல நிலை என்பது வேலை செய்யும் நிலை. தையல் மெஷினுக்கு இது சரி. ஆனால் ஒரு பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்பதும், அதை வைத்திருந்தவள் அதை என்னவாக ஆக்கினாள் என்பதும் ஒன்றல்ல. முதலாவது தொழிற்சாலையின் விருப்பம். இரண்டாவதுதான் எனக்கு வந்த சொத்து.

இதே தவறை எங்கள் குடும்பம் முன்பும் செய்திருக்கிறது. ஆச்சியின் பழைய குரூப் போட்டோ ஒன்றில், பின்வரிசையில் ஓர் ஆணின் முகம் மட்டும் சுரண்டப்பட்டிருந்தது. பூச்சி அரித்துவிட்டது என்று நினைத்து, என் மாமா மகன் அதை ஸ்டுடியோவில் கொடுத்துச் சரிசெய்தான். வேறொரு படத்திலிருந்து அதே முகத்தை எடுத்து ஒட்டிக் கொடுத்தார்கள். ஆச்சி அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் குப்புறக் கவிழ்த்து வைத்தார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. சுரண்டியது பூச்சி இல்லை, ஊக்கு என்று புரிய எனக்கு முப்பது வருடம் ஆயிற்று.

பெண்கள் பல காரியங்களை எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. எழுத இடம் இருக்கவில்லை. எழுதினால் வாசிக்கும் கண்கள் வீட்டிலேயே இருந்தன. அவர்கள் எடுத்த முடிவுகள் சில நேரம் பொருள்களில் ஒரு குறையாகவே தங்கிவிடுகின்றன. சுரண்டிய முகம், கிழித்த பக்கம், அராவிய ஊசி. பின்னால் வருகிறவர்கள் அன்போடு அதைச் சரிசெய்கிறோம். அந்த அன்பில் ஒரு அவசரம் இருக்கிறது. இது பழுதா, யாராவது செய்த வேலையா என்று கேட்டுவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும். எல்லாக் குறையும் புனிதம் என்று நான் சொல்லவில்லை. சித்தியின் குக்கர் மூடி வெறுமனே கீழே விழுந்து நெளிந்ததுதான்.

சொத்து என்ற சொல்லே எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் புதிது. கன்னியாகுமரி மாவட்டம் பழைய திருவிதாங்கூர். அங்கே 1916இல் வந்த கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், மகளுக்கு மகனின் பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அது என்றது. மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போய் அதை மாற்றிய வருடம் 1986. சித்தி இந்தத் துப்பாக்கியை வாங்கிய அதே வருடம். தகப்பன் வீட்டிலிருந்து அவருக்கு எதுவும் வரவில்லை. தானே சம்பாதித்து, தானே வாங்கி, எனக்கென்று விட்டுப்போன பொருள் இது. அதனால்தான் அதைத் தூக்கிக் கொடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. அப்படியே, மாற்றாமல், பூட்டி வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

என் மகளுக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. “அம்மா, பத்து நிமிஷத்துல மாத்திடலாம்னு அவர் சொன்னார்ல? அப்போ அது பத்து நிமிஷத்துல துப்பாக்கிதானே? புது ஊசியும் நம்ம வீட்டுலயே இருக்கு.”

அவள் சொன்னது சரி. ஒரு பெண் கஷ்டப்பட்டு எடுத்த முடிவுக்கு மரியாதை என்று சொல்லிக்கொண்டு, அந்த முடிவை யார் வேண்டுமானாலும் ஒரு உறையைக் கிழித்து மாற்றிவிடக்கூடிய நிலையில் வைத்திருந்தேன். இன்னொன்றும் உறுத்தியது. அந்தப் ‘புதிய’ ஊசி புதியது அல்ல. வேறொரு ரேவனிலிருந்து வந்தது. அது எந்த வீட்டில் இருந்தது, எத்தனை முறை குத்தியது, எதைக் குத்தியது? உதிரிபாகத்துக்கு எண் கிடையாது, ஆகவே நினைவும் கிடையாது. மக்கள் அழிப்பதற்காக ஒப்படைத்த துப்பாக்கிகளில் ஃபிரேமை மட்டும் நசுக்கிவிட்டு, மற்ற பாகங்களைத் தொகுப்பாக விற்கும் வழக்கம் இருப்பது 2023இல் செய்தியாக வெளிவந்தது. சட்டப்படி அது அழிக்கப்பட்ட துப்பாக்கி. எண் இல்லாத மிச்சமெல்லாம் யாரோ ஒருவரின் அலமாரிக்குப் போகிறது.

தீசியஸின் கப்பலுக்கு என் பதில் அங்கேதான் கிடைத்தது. எது அந்தப் பொருள் என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. யார் கேட்கிறார்கள், எதற்காகக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. போலீஸுக்கு எண் வேண்டும். அவர்களுக்கு ஃபிரேம்தான் துப்பாக்கி. சித்தியை அறிய வேண்டும் என்று கேட்கும் எனக்கு, இரண்டு விரலுக்கிடையில் அடங்கும் அந்த எஃகுத் துண்டுதான் எல்லாம்.

அடுத்த வாரம் பழுது பார்ப்பவரிடம் போய், ஊசியை மட்டும் கேட்டேன். மற்ற எல்லாவற்றையும் என் கண்முன்னால் வெட்டிவிடச் சொன்னேன். நான் வாங்கிய ஸ்பிரிங்குகளையும் அந்த இன்னொரு ஊசியையும் சேர்த்து. அவருக்கு வருத்தம்தான். “பழையது, இனி யாரும் செய்யமாட்டார்கள்” என்றார். ஆனாலும் டார்ச்சை எடுத்தார். துத்தநாகக் கலவை 400 டிகிரி செல்சியஸ்கூடத் தாங்காது. எண் இருந்த பக்கம் முதலில் குழைந்தது. தோட்டாக்களையும் அவரே வாங்கி வைத்துக்கொண்டார். புள்ளி விழுந்த அந்த ஒன்றைக் கேட்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். கேட்கவில்லை. அதற்குள் இன்னும் மருந்து இருந்தது.

ஊசி இப்போது சித்தியின் நர்சிங் பேட்ஜோடு ஒரே டப்பாவில் இருக்கிறது. கூடவே ஒரு சீட்டு எழுதிப் போட்டிருக்கிறேன். யார் எப்போது வாங்கியது, எங்கே இருந்தது, நுனியில் இருப்பது அரத்தின் தடம், அராவியது யார் என்று தெரியாது. மகள் அதை வாசித்துவிட்டு, கடைசி வரியை அடிக்கச் சொன்னாள். சித்திதான் என்று போடு, என்றாள். சித்தியே என்று நானும் நம்ப விரும்புகிறேன். ஆனால் விரும்புவதை எழுதி வைத்தால், ஆச்சியின் போட்டோவில் ஸ்டுடியோக்காரர் செய்ததைத்தான் நானும் செய்வேன். அந்த வரியை அப்படியே விட்டிருக்கிறேன்.